முழுப் புள்ளியும் ஒரு பொம்மை நோயாளியும்

1

‘டீம்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று என் பேராசிரியர் இங்ரிட் ஒரு திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் கேட்டார். மத்தியானத்துக்குள் பதில் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் நோர்வேக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த நாளும் அதுதான். அலுவலகத்தில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். என் பெயர் அருள்மேரி. கேக்கில் ‘ஆருல் மெர்ரி’ என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் இதுதான் ஆகக் கிட்டவாக வந்த எழுத்து என்பதால் நன்றி சொல்லிவிட்டு ஒரு துண்டு சாப்பிட்டேன்.

பிறகு சொல்லைத் தேட உட்கார்ந்தேன். முதலில் ‘குழு’ என்று எழுதி அழித்தேன். எங்கள் நாட்டுச் செய்திகளில் நெடுங்காலம் குழு என்றால் துவக்கும் தோட்டாவுமாகத் திரிந்த ஆயுதக்காரர்கள். ‘அணி’ என்றால் பதினொரு பேரும் ஒரு பந்தும். ‘கூட்டம்’ என்றால் பொலிஸ் வந்து கலைப்பது. கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த ஒழுங்கையில் புழங்கிய சொல் ‘செட்’. “அவள் எங்கட செட்” என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. ஆனால் ‘சுகாதார செட்டில் ஒருவரையொருவர் மதித்து நடப்பேன்’ என்று ஒரு ஆய்வு வினாவை எழுத முடியுமா? கடைசியில் துவக்கை மறந்துவிட்டுக் ‘குழு’ என்றே அனுப்பினேன்.

கொழும்பில் இருக்கும் உங்களுக்கு என் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். என் அம்மாவுக்கே அது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. நான் படித்தது இயன்மருத்துவம். இப்போது ஒரு சுகாதாரக் கல்வி பீடத்தில் ஆய்வு உதவியாளர். டொக்டர், தாதி, மருந்தாளர், இயன்மருத்துவர் எல்லோரும் நான்கு கட்டடங்களில் தனித்தனியாகப் படித்துவிட்டு, முதன்முதலாக ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றித்தான் சந்திக்கிறார்கள். ஆகவே அவர்களை முன்கூட்டியே ஒன்றாக உட்காரவைத்துப் படிப்பிக்கிறோம். படிப்பித்ததால் பலன் உண்டா என்று தெரிய வேண்டும், அதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். நோர்வே, ஸ்கொட்லாந்து, மலேசியா, இலங்கை என்று நான்கு நாட்டு நிறுவனங்களை ஒரே அளவுகோலால் நியாயமாக அளப்பதுதான் எங்கள் திட்டம். இங்ரிட் அந்த அளவுகோலை உண்டாக்கியவர். யோனாஸ் அதன் புள்ளிவிபரக்காரர். நான், திட்ட விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருந்தபடி, ‘பண்பாட்டுப் பாலம்’. பாலத்துக்குத் தற்காலிக ஒப்பந்தம். ஒவ்வொரு கோடையிலும் புதுப்பிப்பார்கள்.

இந்தக் கூட்டுவேலைத் திறனை அளக்கும் எங்கள் ஆய்வுக் குழு, கட்டுரையில் யாருடைய பெயர் முதலில் வருவது என்பதை ஒரு குளிர்காலம் முழுவதும் பேசியும் முடிவு செய்யவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

2

கொழும்பிலிருந்து திட்டத்தில் சேர்ந்த நிறுவனம் மருதானைப் பக்கம் இருந்தது. அங்கே எங்கள் திட்டத்தைப் பார்த்துக்கொண்டது பேர்னடெட். என்னோடு படித்தவள், கொட்டாஞ்சேனைக்காரி. இப்போது அங்கே மூத்த விரிவுரையாளர்.

அனுமதி எடுப்பதற்குள் எனக்கு நரை விழுந்தது. ஆய்வில் சேரும் ஒவ்வொரு மாணவரும் நோர்வே அரசின் மின்னடையாள எண்ணைப் போட்டுச் சம்மதம் தர வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் கேட்டார்கள். கொழும்பு மாணவர்களுக்கு அந்த எண் இல்லை என்று எழுதினேன். அப்படியானால் அவர்கள் அருகிலுள்ள வரி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அருகிலுள்ள வரி அலுவலகம் ஒஸ்லோவில் இருக்கிறது.

கொழும்புப் பக்கத்தில் வேறு சிக்கல். எங்கள் பீடத்தின் கடிதத்தில் இறப்பர் முத்திரை இல்லை என்று திருப்பிவிட்டார்கள். நோர்வேயில் யாரிடமும் முத்திரை இல்லை. கையெழுத்தே ஒழிந்து போய்க்கொண்டிருக்கும் நாடு அது. முதல் அளவைக்காகக் கொழும்பு போனபோது அங்கிருந்த அதிகாரியிடம் சிங்களத்தில் எவ்வளவோ விளக்கினேன். அவர் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, முத்திரை இல்லாத பல்கலைக்கழகத்தை எப்படி நம்புவது என்றார். இங்ரிட்டைத் தொலைபேசியில் கேட்டேன். தேவையென்றால் ஒன்று செய்துகொள்ளச் சொன்னார். மருதானை ஸ்டேசனுக்கு எதிரில் ஒரு கடையில் கொடுத்தேன். வட்டமா நீள்வட்டமா என்று மட்டும்தான் கடைக்காரர் கேட்டார். வட்டம் என்றேன். நோர்வேயின் மிகப் பழைய பீடங்களில் ஒன்றுக்கு அப்படித்தான் முத்திரை வந்தது. இங்ரிட் இப்போது பிறந்தநாள் வாழ்த்து மட்டைகளில்கூட அதைக் குத்துகிறார்.

வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் என் அண்ணாவின் வீடு. அம்மாவும் அங்கேதான். நான் காலையில் ரயில் ஏறி மருதானையில் இறங்கிப் போவேன். ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு தடவை அளக்கப்படும், பயிற்சிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. ஒரு அறையில் கட்டில், கட்டிலில் ஒரு பொம்மை நோயாளி. பொம்மைக்குள் ஒலிபெருக்கி இருக்கும். அடுத்த அறையிலிருந்து ஒரு தொழில்நுட்பவியலாளர் அதற்காக முனகுவார். மாணவர்கள் சுற்றி நின்று வைத்தியம் பார்ப்பார்கள். எல்லாம் படமாக்கப்பட்டு மற்ற நாட்டு மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். அளப்பது மனிதர்களைத்தானே, ஆகவே கமரா முகங்களைப் பார்த்து வைக்கப்பட வேண்டும் என்பது விதி. பொம்மையின் கால்விரல்கள் மட்டும் சட்டகத்தின் கீழ் மூலையில் தெரியும்.

எந்த மொழியில் வார்டில் பேசுவீர்களோ அந்த மொழியில் பேசுங்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னோம். அவர்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசினார்கள்.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். பொம்மையின் கையில் சிவப்புப் பட்டி கட்டியிருந்தது. ஒரு வகை மருந்து இந்த நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது, கொடுத்தால் உயிர் போகலாம் என்பது அதன் பொருள். வைத்திய மாணவன் டினேஷ், வெள்ளவத்தைப் பையன், கெட்டிக்காரன், பதற்றத்தில் அதே வகை மருந்தை எழுதிவிட்டான். தாதி மாணவி ரிஸ்னா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தெமட்டகொடையிலிருந்து வருகிறவள். வாப்பாவுக்கு ரயில்வே யார்டுப் பக்கம் சாப்பாட்டுக் கடை. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நாடி பார்ப்பதுபோல் பொம்மையின் கையைத் தூக்கி, அந்தப் பட்டி டினேஷின் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

“டொக்டர், இந்த மருந்துட பேர எனக்கு வாசிக்க ஏலாம ஈக்கிது. ஒருக்காச் செல்லுங்களே.”

டினேஷ் வாயைத் திறந்தான். பட்டியைப் பார்த்தான். காது சிவந்தது. தன் எழுத்து எப்போதும் கோழி கிளறியது மாதிரித்தான் என்று சொல்லி, எழுதியதை வெட்டிவிட்டு வேறு மருந்தை எழுதினான். ரிஸ்னா தலையாட்டினாள். பொம்மை பிழைத்தது. அறையின் மூலையில் நின்ற எனக்கும் பேர்னடெட்டுக்கும் மூச்சு வந்தது.

அவனுடைய எழுத்து மிகத் தெளிவாகத்தான் இருந்தது. நான் பிறகு பார்த்தேன்.

3

திரும்பி வந்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து அந்தப் படங்களுக்கு ஆங்கிலத்தில் உபதலைப்புப் போட்டேன். வெளியே மழை. இங்கே மழை பெய்வதைச் செய்தியாகச் சொல்ல மாட்டார்கள், நின்றால் சொல்வார்கள்.

என் மகள் மீராவுக்குப் பதினைந்து வயது. மூன்று வயதில் வந்தவள். தமிழ் விளங்கும், பதில் நோர்வேஜிய மொழியில் வரும், கோபம் வந்தால் ஆங்கிலத்தில் வரும். சாப்பிடப் பாண் துண்டு எடுக்க வந்தவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ரிஸ்னாவின் அந்த இடம் ஓடிக்கொண்டிருந்தது. மீரா கொஞ்சம் யோசித்துவிட்டு, அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்:

“அம்மா, இவவுக்கு வாசிக்கத் தெரியாதா? பிறகு எப்பிடி நேர்ஸ் ஆகலாம்?”

நான் விளக்கினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும், அது பிழை என்று அவள் சொல்கிறாள், அவனுக்கும் அது விளங்கிவிட்டது என்றேன். அப்படியானால் பிழை என்றே சொல்லியிருக்கலாமே, ஏன் பொய் சொன்னாள் என்று மீரா நோர்வேஜிய மொழியில் கேட்டாள். பொய் இல்லை என்றேன். பொய்தான் என்றாள். பாணை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். பிள்ளை என் மொழியில் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொண்டு, சொன்னதை மட்டும் விளங்காமல் போனது அன்றைக்குத்தான் எனக்குப் பெரிதாக வலித்தது. அவள் தமிழை மறந்துவிடுவாள் என்றுதான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

மறுநாள் யோனாஸிடம் போய், உபதலைப்பில் ஒரு சின்னக் குறிப்புச் சேர்க்கலாமா, இந்தக் கேள்வி உண்மையில் ஒரு திருத்தம் என்று எழுதலாமா எனக் கேட்டேன். யோனாஸ் நல்ல பிள்ளை, பூனைகள் வளர்ப்பவன். வாயிலிருந்து வந்தது மட்டும்தான் உபதலைப்பில் வரலாம், மனதில் இருந்ததைப் போட்டால் அளவை கெட்டுவிடும் என்றான். நான் கொழும்பைச் சேர்ந்தவள் என்பதால் பக்கச்சார்பு வரக்கூடும் என்று மதிப்பீடு செய்யவும் எனக்கு அனுமதி இல்லை. பாலத்தின் மேலால் எல்லோரும் போகலாம். பாலம் வாய் திறக்கக் கூடாது.

புள்ளிகள் வந்தன. ‘மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்’ என்பதில் ரிஸ்னாவுக்குப் பூச்சியம், டொக்டர் என்றுதானே அழைத்தாள். ‘மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்’ என்பதிலும் பூச்சியம். ‘கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்’, அதுவும் இல்லை, அவள் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிப்பீட்டாளர் ஒருவர், இந்த மாணவிக்கு மொழிப் பயிற்சி தேவைப்படலாம் என்று அக்கறையோடு எழுதியிருந்தார். நான்கு நிறுவனங்களில் கொழும்பு கடைசி.

கடைசியாக இருப்பதில் வெட்கம் மட்டும் என்றால் தாங்கலாம். இரண்டாவது அளவையில் ஒரு கோட்டுக்கு மேலே வரும் நிறுவனங்களின் மாணவர்கள்தான் பரிமாற்றப் பயிற்சிக்கு நோர்வே வரலாம் என்று நிதி கொடுப்பவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். ரிஸ்னா அதற்காகவே இந்தத் திட்டத்தில் சேர்ந்தவள். இருதய சத்திரசிகிச்சை வார்டு ஒன்றில் வேலை பழக வேண்டும் என்பது அவள் ஆசை என்று பேர்னடெட் சொல்லியிருந்தாள்.

4

எங்கள் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் சில நாட்கள் எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் அளந்து பார்த்தேன். முதலில் அகப்பட்டவர் அப்பா.

அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். கொட்டாஞ்சேனையில் கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு அலங்கார வளைவு கட்டுவார்கள். அதற்குப் பொறுப்பு அப்பாவும் பக்கத்து வீட்டு மரவேலைக்காரர் சூசைதாசனும். இருவரும் ஒரு மதில் விஷயத்தில் சண்டைபிடித்துப் பல வருடங்களாகப் பேசுவதில்லை. ஆனால் வளைவு கட்ட வேண்டுமே. ஆகவே மின்குமிழ் தரும் ஹாட்வெயார் கடை முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, நடுவில் நிற்பார். சூசைதாசன் ஏணியில் நின்றபடி, வயர் குறைகிறது என்று அவரிடம் சொல்லச் சொல்லி நானாவிடம் சொல்வார். அப்பா கீழே நின்று, வயர் வருகிறது, ஆனால் இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்று அவரிடம் சொல்லச் சொல்லி நானாவிடம் சொல்வார். நானா எதையும் திருப்பிச் சொல்ல மாட்டார். சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார். இடப்பக்கம் நிமிரும்.

ஒரு வருடமும் அந்த வளைவு விழவில்லை. எங்கள் அளவுகோலில் மூன்று பேருக்கும் சேர்த்து, நானா வந்து நின்றதற்காக ஒரு புள்ளி கிடைத்திருக்கும்.

5

இரண்டாவது அளவைக்காக மறுபடியும் கொழும்பு போனேன். பேர்னடெட் என்னை வாசலிலேயே பிடித்து, இந்த முறை பார் என்றாள். கண்ணில் ஒரு வெளிச்சம். இடையிலிருந்த மாதங்களில் அவள் அளவுகோலை வரிவரியாகப் பிரித்து மாணவர்களுக்குப் பழக்கியிருந்தாள். சூரியன் உதிக்கும் திசை மாதிரி, பேர் சொல்லும் நேரம், கண் பார்க்கும் நேரம், நன்றி சொல்லும் நேரம் எல்லாம் நிச்சயமாகியிருந்தன. ரியூசன் நாட்டில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

இம்முறை பொம்மைக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிக்கொண்டிருந்தது. வேர்க்கிறது, தலை சுற்றுகிறது என்று பொம்மை அடுத்த அறையிலிருந்து முனகியது. செய்ய வேண்டியது மிக எளிது. உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

மாணவர்கள் கட்டிலைச் சுற்றி வட்டமாக நின்று ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் துறையையும் சொன்னார்கள். டினேஷ் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். எல்லோருடைய கருத்துக்கும் இங்கே இடம் உண்டு என்றான். மருந்தாளர் மாணவி அதற்கு நன்றி சொன்னாள். ரிஸ்னா டினேஷின் கண்ணை நேராகப் பார்த்து, டினேஷ், நான் உன்னோடு உடன்படவில்லை என்றாள். அவன் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உன் வெளிப்படையான கருத்தை மதிக்கிறேன் ரிஸ்னா, என்று அவன் தலையாட்டினான். இயன்மருத்துவ மாணவன் இதுவரை பேசியதைத் தொகுத்துச் சொன்னான். பொம்மையின் குரல் குழறியது. பிறகு நின்றது. திரையில் கோடு நேராக ஓடியது. தொகுப்பை முடிக்காமல் நிறுத்தினால் ஒரு புள்ளி போய்விடும் என்பதால் அந்தப் பையன் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினான். கமராவுக்குள் முகங்கள் எல்லாம் மலர்ந்திருந்தன. கால்விரல்கள் முன்பு இருந்தபடியே இருந்தன.

வெளியே வந்தபோது ரிஸ்னா படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். சீனி இறங்குகிறது என்று எப்போது விளங்கியது என்று கேட்டேன்.

“வேர்க்கிதுண்டு சென்னப்பவே வெளங்கிச்சி மிஸ். ஆனா எல்லாருட பேரையும் செல்லி முடிக்கோணுமே.”

நான் நோர்வேக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் புள்ளிகள் வந்தன. கொழும்புக்கு முழுப் புள்ளி. நான்கு நாடுகளிலும் முதலிடம். பயிற்சியின் வெற்றி இதுதான் என்று மலேசியாவிலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் வாழ்த்துகள் வந்தன. இங்ரிட் என்னைக் கட்டிப்பிடித்தார். என் ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கும்படி எழுதப் போவதாகவும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ரிஸ்னா வருவாள், பேர்னடெட்டுக்குப் பெயர், எனக்கு வேலை. இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் பேர்னடெட்டுக்குத் தொலைபேசி எடுத்து, பொம்மை செத்ததைக் கூட்டத்தில் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் உடனே தொடங்கினாள்:

“நீ அங்க இருந்துகொண்டு நியாயம் கதைப்பாய். இங்க பிள்ளையளுக்கு ஒரு சான்ஸ் வந்திருக்கு. முதல் முறை உண்மையாச் செய்துகள், கடைசி எண்டு போட்டீங்கள். இப்ப நீங்கள் கேட்ட மாதிரிச் செய்துகள். பொம்மைதானே செத்தது, மேரி.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. ரிஸ்னாவிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்றேன். கேட்டுக்கொள் என்று வைத்துவிட்டாள்.

ரிஸ்னாவைத் தொலைபேசியில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் காட்டினால் அவளுடைய பயணம் இல்லாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பின்னால் கடையில் பிளேட் கழுவும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“காட்டுங்க மிஸ். ஆனா ரெண்டையும் காட்டோணும். மொதல் படத்துல ஈக்கிறதுதான் நான். ரெண்டாவதுல ஈக்கிற புள்ளய எனக்கே புடிக்கல்ல.”

6

அறிக்கையை அனுப்ப முன் கடைசிக் கூட்டம். மேசையில் தேர்மோசில் கோப்பி, சுவர்த் திரையில் ஸ்கொட்லாந்தும் மலேசியாவும் கொழும்பும். பேர்னடெட் தன் சதுரத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் பேச அனுமதி கேட்டேன். கொழும்பின் இரண்டு படங்களையும் போட்டேன். முதல் படத்தில் ரிஸ்னா கையைத் தூக்கியது ஏன் என்று சொன்னேன். இரண்டாவது படம் முடிந்ததும், சட்டகத்துக்கு வெளியே நோயாளி இறந்துவிட்டார் என்று சொன்னேன். அந்தக் கடைசி வசனம் பதற்றத்தில் ஆங்கிலத்திலிருந்து நோர்வேஜிய மொழிக்கு மாறிவிட்டது. நோர்வேஜிய மொழியில் எனக்குக் கோபப்படத் தெரியாது, நடுங்கத்தான் வரும். இறந்துவிட்டார் என்பதற்குப் பதில் ‘காலாவதியாகிவிட்டார்’ என்று, பால் பெட்டிக்குச் சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

யோனாஸ் தன் மடிக்கணினியில் தேடினான். நோயாளிக்கு என்ன ஆனது என்பது தரவில் எங்கும் இல்லை என்றான். ஏன் இல்லை என்று ஸ்கொட்லாந்து கேட்டது. யாரும் கேட்கச் சொல்லவில்லை என்றான்.

அப்போது பேர்னடெட் கையை அவிழ்த்தாள். எல்லா நிறுவனங்களுக்கும் இதே சிவப்புப் பட்டி நோயாளிதானே கொடுக்கப்பட்டது, உங்கள் இடத்தில் என்ன நடந்தது என்று அமைதியாக ஆங்கிலத்தில் கேட்டாள். நோர்வேயில் எங்கள் படமாக்கலின்போது அறைக்குள் நின்றது இங்ரிட் மட்டும்தான்.

இங்ரிட் நேர்மையான மனுசி. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். எல்லாக் குழுக்களிலும் அல்ல, ஒரு குழுவில் தாதி மாணவி மிகத் தெளிவாக, பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து, நான் உடன்படவில்லை என்று சொன்னாளாம். வைத்திய மாணவன் நன்றி சொன்னானாம். பிறகு மருந்து ஏற்றப்பட்டதாம். அந்தக் குழுவுக்கு என்ன புள்ளி என்று யாரும் கேட்கவில்லை. யோனாஸ் மட்டும் பார்த்துவிட்டு, மடிக்கணினியைப் பாதி மூடினான்.

அறிக்கை தயாராக இருந்தது. வரிசைப்படுத்தல் இருந்தது. நிதி கொடுப்பவர்கள் காத்திருந்தார்கள். அது இங்ரிட்டின் அளவுகோல், அவருடைய பெயரால் அறியப்படுவது. அவர் ஜன்னலைப் பார்த்தார், கோப்பியைக் கலக்கினார், பிறகு மெல்லச் சொன்னார்:

“இதன்மேல் நாம் ஒரு இரவு தூங்கி எழும்பிப் பார்க்கலாமோ?”

நோர்வேக்காரர் கூட்டத்தில் இப்படிச் சொன்னால் அந்த விஷயம் முடிந்தது என்று பொருள். அது எனக்கு விளங்கப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அறிக்கை அனுப்பப்படாது, வரிசை கிடையாது, தான் செய்தது பிழை. இவ்வளவையும் அந்தப் பேராசிரியர் யார் பெயரையும் சொல்லாமல், யார் கண்ணையும் பார்க்காமல், உடன்படவில்லை என்று ஒரு வார்த்தைகூட வராமல் சொல்லி முடித்தார். எங்கள் அளவுகோலில் அவருக்குப் பூச்சியம். அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கொழும்புச் சதுரத்தில் பேர்னடெட்டுக்கும் விளங்கியது. அவள் என்னைப் பார்த்துத் தலையை இலேசாகச் சரித்தாள்.

7

இந்த அளவுகோலால் இந்த நான்கு நிறுவனங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது என்று எழுதி அறிக்கை போனது. நிதி கொடுப்பவர்கள் வருந்தினார்கள். ஒப்பிட முடியாததைக் கோட்டுக்கு மேலே கீழே என்று பிரிக்கவும் முடியாது என்பதால், ஒவ்வொரு நிறுவனமும் தானே தெரிந்தெடுத்து ஒரே அளவில் மாணவர்களை அனுப்பலாம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். என் நிரந்தர வேலைக் கடிதம் ஏதோ ஒரு மேசையில் நின்றுவிட்டது. பாலத்தை இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள்.

ரிஸ்னா வசந்தத்தில் வந்தாள். விமான நிலையத்துக்கு மீராவும் என்னோடு வந்தாள். வரும் வழியெல்லாம் ரிஸ்னா அவளை “நீங்க” என்றே அழைத்தாள். தன்னைவிட மூத்த ஒருவர் தன்னை அப்படி அழைப்பது மீராவுக்குப் புதிது. வீட்டுக்கு வந்ததும் என்னிடம், நீங்கள் ஏன் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று கேட்டாள். அதையும் தமிழில்தான் கேட்டாள். இருதய வார்டில் பெரிய சத்திரசிகிச்சை நிபுணர், தன்னை லார்ஸ் என்று கூப்பிடும்படி ரிஸ்னாவிடம் சொல்லியிருக்கிறார். அவளும் மறுக்கவில்லை. ‘லார்ஸ் சேர்’ என்று கூப்பிடுகிறாள். இப்போது அந்த வார்டில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி.

இங்ரிட் அளவுகோலைத் திருத்தும் வேலையைத் தொடங்கிவிட்டார். பேர்னடெட்டும் அதில் சேர்ந்திருக்கிறாள். இருவரும் வாரம் ஒருமுறை திரையில் சண்டை பிடிக்கிறார்கள். பெயர் சொல்லி அழைப்பது நீக்கப்பட்டுவிட்டது. புதிதாக ஒரு வரி சேர்க்க எல்லோரும் ஒரே மனதாக இணங்கினோம். எங்கள் ஆய்வுக் குழு ஒரே மனதாக இணங்கிய முதல் விஷயம் அது. ‘முடிவில் நோயாளி உயிரோடு இருக்கிறார்.’

ஆனால் மற்ற வரிகளோடு அதுவும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் கணக்குக் குழம்பும் என்று யோனாஸ் சொல்லிவிட்டான். ஆகவே அந்த வரிக்குக் கீழேயும் வழக்கமான ஐந்து பெட்டிகள் வந்திருக்கின்றன. முற்றாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி, முற்றாக உடன்படவில்லை வரைக்கும். நடுப்பெட்டியைத் தமிழாக்கி மத்தியானத்துக்குள் அனுப்பச் சொல்லி இன்று காலை எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது: நோயாளி உயிரோடு இருக்கிறார் என்பதில் எனக்கு உடன்பாடும் இல்லை, மறுப்பும் இல்லை.